பிரிக்பீல்ட்ஸ் மாதர்களின் பெரட்டு

மலாய் நாட்டுக்கு நான் போனது ஊர் பார்க்க அல்ல, பிள்ளைப்பேறு பார்க்க. என் தம்பி சிவஞானம் கோலாலம்பூரில் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. அவன் மனைவி கமலத்துக்குத் தாய் இல்லை, தலைப்பிரசவம் வேறு. "அக்கா, நீ வந்தால்தான் ஆயிற்று" என்று எழுதிவிட்டான். நாகப்பட்டினத்தில் நான் நடத்திக்கொண்டிருந்த நாலாம் வகுப்பை இன்னொரு டீச்சர் தலையில் கட்டிவிட்டு, ஒரு ஜாடி லேகியமும் ஒரு மூட்டை சுக்கு மிளகு திப்பிலியுமாகக் கப்பலேறினேன்.

கப்பலில் நான் உருப்படியாகச் செய்தது வாந்தி ஒன்றுதான். ஆகவே கடலின் அழகைப் பற்றி இங்கே ஒன்றும் எதிர்பார்க்க வேண்டாம். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கப்பலில் கூட்டமே இல்லை. ஆச்சரியப்பட்டுச் சமையல்காரரிடம் கேட்டேன். "போறப்ப இப்படித்தாம்மா இருக்கும். திரும்பி வர்றப்ப பாருங்க, கால் வைக்க இடம் இருக்காது" என்றார். ரப்பர் விலை விழுந்துவிட்டதால் தோட்டத்துக் கூலிகளைக் கும்பல் கும்பலாகத் திருப்பி அனுப்புகிறார்களாம். அந்தப் பேச்சு அப்போது என் காதில் சரியாக ஏறவில்லை. வயிறு அவ்வளவு பாடுபடுத்திக்கொண்டிருந்தது.

துறைமுகத்திலிருந்து ரயிலில் கோலாலம்பூர் வந்து சேர்ந்தேன். ஸ்டேஷனைப் பார்த்ததும் தம்பி தவறிப்போய் என்னை ஏதோ நவாப்பின் அரண்மனைக்குள் இறக்கிவிட்டான் என்று நினைத்தேன். தலைக்கு மேலே கோபுரமும் கும்மட்டமுமாக அத்தனை ஜோடனை. நம் ஊர் ஸ்டேஷனில் ஒரு வேப்பமரமும் ஒரு தண்ணீர்ப் பானையும் உண்டு. இங்கே பானையைக் காணோம்.

தம்பி குடியிருந்த இடம் பிரிக்பீல்ட்ஸ். ரயில்வேக்காரர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகள். இரவு பகலாக இஞ்சின் சத்தம். மறுநாள் காலையில் வேலிக்கு அப்பாலிருந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்து, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். காலைப் பலகாரம் சாப்பிடுவதற்கு இந்த நாட்டில் அதுதான் பேச்சு. ஒருவரைக் கண்டதும் அவர் பசி ஆறிற்றா என்று விசாரிக்கிற ஊர் எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. டின் பால் ஊற்றிய காப்பி மட்டும் பிடிக்கவில்லை. பாயசத்தில் காப்பித்தூளைக் கொட்டியதுபோல் இருந்தது. மூன்றாம் நாள் அதையே இரண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

வேலிக்கு அப்பாலிருந்து கேட்ட அந்த அம்மாள்தான் பொன்னம்மாள். நாற்பது வயது தாண்டியவர். கணவர் ரயில்வே பட்டறையில் மேஸ்திரி. செல்லம் என்று ஒரே மகள். கமலத்துக்கு வலி எடுத்தபோது மருத்துவச்சிக்கு முன்னால் ஓடி வந்தவர் இவர்தான். பெண் குழந்தை பிறந்தது. எட்டூருக்குக் கேட்கிறமாதிரி அழுதது. மறுநாளே பொன்னம்மாள் சுறாப்புட்டு செய்துகொண்டு வந்தார். பால் ஊறுவதற்கு அதைப்போல வேறொன்றும் இல்லை. நாகப்பட்டினத்துக்காரியான எனக்குச் சுறாப்புட்டு செய்து காட்டுகிறாளே என்று இளக்காரமாகத்தான் வாயில் போட்டேன். பிறகு பிள்ளை பெற்றவளுக்கு மிச்சம் வைக்க நான் படாத பாடு பட்டேன்.

"யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டேன்.

"எங்கம்மா கைப்பக்குவம் டீச்சர். ஒங்க பக்கந்தான் அவங்களும். அங்கேருந்து கப்பலேறி வந்தவங்க" என்றார். ஊர்ப்பெயரைக் கேட்டால் தெரியவில்லை. அம்மா சொன்னதில்லையாம்.

குழந்தை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, வாசலில் ஒரு மோட்டார் வந்து நின்றது. இறங்கியவர் நல்ல உயரம், தங்கக் கண்ணாடி, கையில் மடித்த கைக்குட்டை. நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். மங்களம் அம்மாள். முன்வந்தோர் மாதர் சங்கத்துத் தலைவி. தெருவில் எல்லோரும் பிரசிடெண்டம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் நெஞ்சழுத்தம் போதவில்லை.

இந்தச் சங்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் ரயில் ஓடுவதற்கு முன்னாலேயே இந்த நாட்டுக்கு வந்தவர்களின் வம்சத்துப் பெண்கள் மட்டும் இதில் சேரலாம். ரயிலுக்கு முந்தியவர்கள், ரயிலுக்குப் பிந்தியவர்கள் என்று மனித குலத்தையே இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். என் தம்பி பிந்தியவன். நானோ, பிந்தியவர்களிலும் கடைசிக் கப்பல்.

வருஷத்துக்கு ஒருநாள் சங்கத்துப் பெண்கள் கூடி முன்னோர்களுக்கு மரியாதை செய்வார்கள். அதற்குப் பெயர் பெரட்டு. தோட்டத்திலும் ரயில்பாதை வேலையிலும் விடிந்தும் விடியாததுமாகக் கூலிகளை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குத்தான் பெரட்டு என்று பெயர். கூப்பிட்ட பெயருக்குக் குரல் கொடுத்தால் அன்றைக்கு வேலை உண்டு. சங்கத்துப் பெண்கள் அதே வழக்கத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் முன்னோர் புழங்கிய பொருள் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைக்க வேண்டும். பெயர் கூப்பிடுகிறவர் காதில் முன்னோரின் பெயரையும் பார்த்த வேலையையும் சொல்ல வேண்டும். அவர் அதைச் சபைக்குக் கேட்கும்படி உரக்கக் கூப்பிடுவார். வம்சத்துப் பெண், செத்துப்போனவர் சார்பில், "வந்தேன்" என்று குரல் கொடுப்பாள். பொய் சொல்வானேன், அழகான வழக்கம்.

"போன வருஷம் எங்க ஆளுங்கள்லயே ஒருத்தர் கூப்பிட்டாங்க. எங்க மாமனார் பேரை மட்டும் மெதுவா கூப்பிட்டீங்கன்னு சண்டை வந்துருச்சு" என்றார் பிரசிடெண்டம்மா. "நீங்க வெளியூரு. ஒங்களுக்கு யாரும் வேண்டப்பட்டவங்க இல்லை. டீச்சர் வேற, தெனமும் பேர் கூப்பிட்டுப் பழக்கம். இந்த வருஷம் நீங்கதான்."

இந்தத் தகுதிக்காக மலாய் நாட்டில் எனக்கு ஒரு பதவி கிடைக்கும் என்று யார் கண்டது? சரி என்றேன். போகிறபோது அவர், குழந்தையைப் பார்க்க வந்திருந்த பொன்னம்மாளிடம் திரும்பி, "வெள்ளிச் செம்பு குடுத்தனுப்புறேன். ஒங்கம்மாவுக்கு அதை வெச்சிரு. காண்ட்ராக்டர் சம்சாரம்னு சொல்லிரு. என்ன?" என்றார். பொன்னம்மாள் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலில் உயிர் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் தம்பியிடம் அந்தச் சங்கத்து முன்னோர்களைப் பற்றி விசாரித்தேன். அவன் சிரித்தான். யாரைக் கேட்டாலும் அப்பா கிராணி என்கிற தோட்டத்துக் குமாஸ்தா, தாத்தா கூலிகளை மேய்க்கிற கங்காணி, மாமனார் காண்ட்ராக்டர். அப்படியானால் பெரட்டில் நின்றவர்கள் யார்? கூப்பிட ஆள் இருந்து, வரிசையில் நிற்க ஆளே இல்லாமல் ஒரு ரயில்பாதை போட்டிருக்கிறார்கள்! அந்த இடத்துக்குப் பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே செங்கல் சூளைகளால் வந்தது. ஆனால் சங்கத்தில் செங்கல் சுமந்தவர் ஒருவர்கூட இல்லை. நானும் சேர்ந்து சிரித்தேன்.

மறுநாள் சிரிப்பு போயிற்று. நான் பத்திய ரசத்துக்கு மிளகு தட்டிக்கொண்டிருந்தபோது பொன்னம்மாள் அடுக்களைக்குள் வந்து கீழே உட்கார்ந்தார்.

"எங்கப்பா காண்ட்ராக்டர்னு சங்கத்துல நாந்தான் சொல்லி வெச்சேன் டீச்சர். எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன். அப்பா நான் கைப்பிள்ளையா இருக்கயிலயே காய்ச்சல்ல போயிட்டாரு. இதே எடத்துல இருந்த சூளையில மண்ணு சொமந்து, கல்லு சொமந்து, எங்க அண்ணனையும் என்னையும் ஆளாக்குனது எங்கம்மா. வீராயின்னு பேரு. போன வருஷம் கிள்ளான்ல அண்ணன் வீட்டுல தவறிட்டாங்க. வருஷம் திரும்பினாத்தான் சங்கத்துல பேர் கூப்பிடுவாங்க. இந்த வருஷந்தான் அம்மாவுக்கு மொதப் பெரட்டு."

"கூப்பிட்டால் போகிறது. உள்ளதைச் சொல்லுங்களேன்."

"சொன்னா செல்லத்தோட கல்யாணம் நின்னுரும்" என்றார்.

அப்போதுதான் விஷயம் எனக்கு விளங்கியது. பிரசிடெண்டம்மாவின் மகனுக்குத்தான் செல்லத்தைப் பேசியிருந்தார்கள். பெரட்டு முடிந்த கையோடு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைப் பையன் பாங்கியில் வேலை, தங்கமான பிள்ளை; செல்லத்துக்கும் மனசு அவனிடம்தான்.

"கூலிக்காரி பேத்தின்னு தெரிஞ்சா யாரு கட்டுவா? இப்ப கூலின்னு சொன்னாலே கப்பல்ல ஏத்தி விடுறாங்களே, அவங்கதான் கண்ணு முன்னால வருது. நாங்க அவங்க இல்லை, நாங்க முன்னாடியே வந்தவங்கன்னு சொல்லிக்கத்தான் டீச்சர் இந்தச் சங்கமே" என்று சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஆனா அம்மா சாகற வரைக்கும் பொய் சொன்னதில்லை. அவங்க பேருக்கு நான் எந்திரிச்சு நின்னு பொய்யா 'வந்தேன்'னு சொல்லணுமா? நாக்கு வருமா?"

கப்பல் சமையல்காரர் சொன்னது இப்போதுதான் என் காதில் விழுந்தது. மிளகைத் தேவைக்கு அதிகமாகத் தட்டிவிட்டேன். கமலம் அன்று ரசத்தைக் குடித்துவிட்டுக் கண்ணீர் விட்டாள்.

மேசையில் வைக்கப் பொருள் என்ன உண்டு என்று கேட்டேன். அம்மா விட்டுப்போனது ஒரே ஒரு சும்மாடுதான் என்றார் பொன்னம்மாள். பழைய சேலைத் துணியை முறுக்கி வளையமாகச் சுற்றித் தலையில் சுமைக்கு அடியில் வைத்துக்கொள்வார்களே, அதுதான். சூளை வேலையை விட்டு எத்தனையோ வருஷம் கழித்தும் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தாராம். அது கிள்ளானில் அண்ணன் வீட்டில் இருக்கிறது. "வெள்ளிச் செம்பை வெக்கிறேனோ, இதை வெக்கிறேனோ தெரியலை. ஆனா எடுத்துட்டு வந்துருவோம்" என்றார். அண்ணனுக்கு முன்கூட்டியே ஒரு கார்டு போட்டார். கமலத்தைச் செல்லத்திடம் ஒப்படைத்துவிட்டு நானும் கூடப் புறப்பட்டேன்.

கிள்ளானுக்கு ரயிலில் போனோம். வழி நெடுக ரப்பர் மரங்கள், ஒன்று போலவே இன்னொன்று. நான் பெண் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் ஒருத்தியாவது கோணிக்கொண்டு நிற்பாள். இந்த மரங்களிடம் அந்தக் குறும்பு கிடையாது. பல இடங்களில் பால் வெட்டாமல் விட்டிருந்தார்கள். கூலிகள் குடியிருந்த லயங்களில் கதவுகள் திறந்து கிடந்தன, ஆளைக் காணோம். பொன்னம்மாள் ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை.

அவருடைய அண்ணன் மாணிக்கம் கிள்ளான் கடைத்தெருவில் காப்பிக்கடை வைத்திருந்தார். அவர் மனைவி மீனாட்சி, வாய் ஓயாத மனுஷி. நண்டுக்குழம்பு வைத்து, எங்கள் இலையில் ஓடு காலியாகக் காலியாக அடுத்ததைப் போட்டுக்கொண்டே இருந்தார். கிள்ளான் நண்டு நாகப்பட்டினம் நண்டைவிடப் பெரியது. ருசி நம்முடையதுதான் என்று ஒரு தேசாபிமானத்துக்காகச் சொல்லி வைக்கிறேன்.

சாப்பிட்டு முடிந்ததும் மீனாட்சி ஒரு தாம்பாளத்தைச் சந்தோஷமாகக் கொண்டுவந்து வைத்தார். அதன்மேல் நாலாக மடித்த துணி ஒன்று, மொடமொடவென்று இருந்தது.

"இது என்ன அண்ணி?" என்றார் பொன்னம்மாள்.

"அத்தையோட சும்மாடுதான். பெரிய எடத்துப் பொம்பளைங்க முன்னால வெக்கப்போறியாம்ல, ஒங்கண்ணன் சொன்னாரு. ஒரே செம்மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும். அப்படியே வெச்சா நமக்குத்தானே மானக்கேடு? அவுத்து, சோடா போட்டு வெளுத்து, கஞ்சியில முக்கி, இஸ்திரி போட்டுட்டேன்!"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த அம்மாளின் முகத்தில் அவ்வளவு பெருமை. பொன்னம்மாள் துணியை எடுத்து முகர்ந்து பார்த்தார். கஞ்சி வாசனைதான் வந்திருக்கும். "ரொம்ப நல்லா வெளுத்திருக்கீங்க அண்ணி" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். சற்று நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

திரும்புகிறபோது ரயிலைத் தவறவிட்டோம். பஸ் ஏறினோம். அது பாதி வழியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. டயர் வெடித்துவிட்டது. மழை வேறு பிடித்துக்கொண்டது. எப்போது கிளம்பும் என்று நான் பதறியதைக் கண்டு மலாய்க்கார டிரைவர் ஏதோ சொன்னார். "அவசரமாயிருந்தா நேத்தே கெளம்பியிருக்கலாமேன்னு கேக்குறாரு" என்று பொன்னம்மாள் மொழிபெயர்த்தார். நியாயமான கேள்விதான்.

மழை விடும்வரை இருவருமாக அந்தத் துணியை மறுபடி சும்மாடாகச் சுற்றப் பார்த்தோம். முறுக்கினால் நிற்கவில்லை, வளைத்தால் கஞ்சியின் விறைப்பில் துள்ளிப் பிரிந்தது. பொன்னம்மாள் பிறந்ததிலிருந்து தலையில் எதையும் சுமந்ததில்லை. சுமக்கவிடாமல் வளர்த்திருக்கிறார் அம்மா. நான் சுமந்ததெல்லாம் பரீட்சைப் பேப்பர். எதிரே கூடையில் வாத்துகளோடு உட்கார்ந்திருந்த சீனத்தி நாங்கள் படும் பாட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கொடு என்று வாங்கினாள். அவளாலும் முடியவில்லை. தன் தோளைத் தட்டிக் காட்டி ஏதோ சொன்னாள். "அவங்க ஆளுங்க தோள்ல காவடிக்கட்டை வெச்சுத் தூக்குறவங்களாம். தலைச்சுமை பழக்கமில்லையாம்" என்றார் பொன்னம்மாள். துணியைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் ஓரத்தைச் சுட்டிக்காட்டினாள். மடித்துத் தைத்த விளிம்புக்குள் மட்டும் மீனாட்சியின் சோடா எட்டவில்லை. அங்கே நூல்போல ஒரு செம்மண் கோடு இருந்தது.

பொன்னம்மாள் அந்தக் கோட்டின்மேல் கட்டைவிரலை வைத்தவர் பிரிக்பீல்ட்ஸ் வரும்வரை எடுக்கவில்லை.

பெரட்டு நாள் வந்தது. பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் இருந்த கொட்டகையில் வாழைமரம் கட்டி, நீளமேசைமேல் வெள்ளை விரிப்பு விரித்திருந்தார்கள். எல்லோரும் பட்டுச் சேலை. அன்றைக்கு அங்கே மின்னிய வைரத்தில் நாகப்பட்டினம் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுக்கூரை போட்டு மிச்சம் பிடிக்கலாம். மேசையில் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன: வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி, சங்கிலிக் கடிகாரம், பொடிடப்பி, ஒரு துரை அன்பளிப்பாகக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட குடை.

நான் எழுந்து நின்றேன். ஒவ்வொருவராக வந்து என் காதில் சொன்னார்கள், நான் கூப்பிட்டேன். "சுப்பையா, தலைமைக் கங்காணி!" வந்தேன். "அருணாசலம், ஆபீஸ் கிராணி!" வந்தேன். கிண்டலாக இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். ஆனால் அந்த "வந்தேன்" ஒவ்வொன்றும் மேலே விழுந்தபோது அந்த நினைப்பு போயிற்று. வேலை பொய்யாயிருக்கலாம். அவர்கள் வந்தது பொய்யில்லை.

பொன்னம்மாள் வந்தார். அவர் பையில் வெள்ளிச் செம்பும் இருந்தது எனக்குத் தெரியும். கையை உள்ளே விட்டவர் கொஞ்ச நேரம் வெளியே எடுக்கவில்லை. எதிர்வரிசையில் செல்லம் உட்கார்ந்திருந்தாள், அவளைப் பார்த்தார். பிறகு வெளியே வந்தது துணிதான். வீட்டில் எப்படியோ ஒரு வளையமாகச் சுற்றி ஊசிபோட்டு வைத்திருந்தார். அதைக் கடிகாரத்துக்கும் பொடிடப்பிக்கும் நடுவில் வைத்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"வீராயி" என்றார். அதற்குமேல் வரவில்லை.

நான் காத்திருந்தேன். மிச்சத்தை நானே சொல்லியிருக்கலாம், எனக்குத்தான் தெரியுமே. ஆனால் அது என் வாயிலிருந்து வரவேண்டிய சொல் அல்ல. அவர் மகளுடைய வாழ்வு அதில் இருந்தது. கொட்டகையில் விசிறிகள் நின்றன.

"சூளையில மண்ணு சொமந்தவங்க" என்றார் பொன்னம்மாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

என் வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு எட்டுகிற குரல் ஒன்று எனக்கு உண்டு. அந்தக் குரலில் கூப்பிட்டேன். "வீராயி! செங்கல் சூளையில் மண் சுமந்தவர்!"

"வந்தேன்" என்றார் பொன்னம்மாள். அழுதுகொண்டேதான் சொன்னார், ஆனால் உரக்கச் சொன்னார்.

பின்வரிசையில் இரண்டு பெண்கள் எழுந்து வெளியே போனார்கள். அந்த நேரம் பார்த்து மேசைமேல் ஊசி தெறித்து, சும்மாடு சோம்பல் முறிப்பதுபோல மெல்லப் பிரிந்து, பொடிடப்பியைக் கீழே தள்ளிவிட்டது.

பிரசிடெண்டம்மா எழுந்தார். கைக்குட்டையை நாற்காலியில் போட்டுவிட்டு நேரே மேசைக்கு வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. துணியை எடுத்து வெளியே எறியத்தான் போகிறார் என்று நினைத்து நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். துணியை எடுத்தார். உதறினார்.

"கஞ்சி போட்ட துணி எங்கடி நிக்கும்?" என்று பொன்னம்மாளைப் பார்த்துச் சீறினார். "தண்ணியைத் தொட வேணாமா?"

மேசைமேல் பூ மிதக்கவிட்டிருந்த கிண்ணத்தில் கையை முக்கித் துணிமேல் ஒரு தெளி தெளித்தார். ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுமுனையை முறுக்கினார். இடது கைவிரல்களைச் சேர்த்து அதன்மேல் சுற்று, சுற்று என்று சுற்றி, நுனியை உள்ளே செருகி, உள்ளங்கையால் ஒரு அமுக்கு. கண் இமைக்கிற நேரம்தான். கல் மாதிரி ஒரு சும்மாடு அவர் கையில் இருந்தது. அதை வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் தான் என்ன செய்தோம் என்பது அவருக்கே தெரிந்ததுபோல் இருந்தது. கொட்டகை முழுவதும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. பட்டுச் சேலையோடும் தங்க வளையலோடும் பாங்கிக்காரர் அம்மா பல்லில் துணியைக் கடித்ததை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

அடுத்த முறை அவருடையதுதான். அவர் வழக்கமாகச் சொல்கிற பெயர் தம்பி சொல்லி எனக்கு முன்கூட்டியே தெரியும்: இருளப்பன், பெரிய கங்காணி. அவருடைய மாமனார். கைத்தடி அவருடையது.

அவர் என் காதருகே வந்தார். சந்தனமும் வியர்வையும் மணத்தது.

"மாமா அப்புறம்" என்றார். "மொதல்ல எங்கம்மாவைக் கூப்பிடுங்க. குருவம்மா. ரயில் ரோட்டுக்குக் கல்லு சொமந்தவங்க." கொஞ்சம் நிறுத்தி, "நானுந்தான் சொமந்தேன். சின்னப் பிள்ளையில. அதைக் கூப்பிட வேணாம், நான் இன்னும் சாகலை" என்றார்.

கூப்பிட்டேன். "குருவம்மா! ரயில்பாதைக்குக் கல் சுமந்தவர்!"

"வந்தேன்" என்றார் பிரசிடெண்டம்மா. தலைவி குரலில் அல்ல. வரிசையில் நிற்கிற ஒரு சிறுமியின் குரல்.

அதற்குப் பிறகு பெரட்டு சாப்பாட்டு நேரத்தைத் தாண்டி ஓடியது. ஏற்கெனவே வந்து போனவர்களில் சிலர் மறுபடியும் வந்தார்கள். தண்ணீர் சுமந்தவர் ஒருவர், காப்பித் தோட்டத்தில் களை எடுத்தவர் ஒருவர், துரை வீட்டில் துணி துவைத்தவர் ஒருவர். எல்லாமே பெண் பெயர்கள். மேசைமேல் இருந்த கைத்தடிகளுக்கு அதுவரை மனைவிமார் உண்டு என்றே யாருக்கும் நினைவில்லை. பொடிடப்பிக்காரி மட்டும் கடைசிவரை அசையவில்லை. அவருடைய தாத்தா நிஜமாகவே கிராணியாக இருந்திருக்கவும் கூடும்.

பந்தி போட்டார்கள். பொன்னம்மாள் சாப்பிட உட்காராமல் சும்மாட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தூணோரம் நின்றார். செல்லம் அம்மாவை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். இருவரும் தலைவியின் பக்கம் பார்க்கப் பயந்தார்கள். கல்யாணம் என்ன ஆகுமோ என்று நானும் பந்தி இலைகளை எண்ணிக்கொண்டு நின்றேன்.

பிரசிடெண்டம்மா பந்தியில் தமக்குப் பக்கத்தில் இரண்டு இலைக்கு இடம் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"அங்க நின்னு என்ன பண்றீங்க?"

பொன்னம்மாள் தயங்கித் தயங்கி அருகே போனார். ஏதாவது பேச வேண்டுமே என்று, "இது எங்களுக்கு வரவே இல்லீங்க. பஸ்ல அவ்வளவு நேரம் சுத்திப் பாத்தோம். நீங்க எப்படிச் சுத்துனீங்க?" என்று கேட்டார்.

"சாப்பிட்டுட்டு அவுத்துக் காட்டுறேன். இப்ப சோறு ஆறுது. மகளையும் கூட்டிக்கிட்டு வந்து உக்காருங்க, சம்பந்தி."